தேனி தின்ற ஒன்றே முக்கால் அடி

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை காலை, காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே மொக்கைச்சாமிக்கும் அவருடைய பங்காளி நாகராஜுக்கும் பொதுவான திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் கடல் ஏறியிருந்தது. தண்ணீர் ஆறு படி உயர்ந்து நின்றது, மதியத்துக்குள் ஆறு படி இறங்கியது, சாயங்காலம் மறுபடி உயர்ந்தது. மொக்கைச்சாமி ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். புதன்கிழமை அந்தத் தண்ணீரில் ஒரு மீன் துண்டு நீந்திக்கொண்டிருந்தது. தலையும் வாலும் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் அகலம், இரண்டு விரல் கனம், இரு பக்கமும் நல்ல கத்தியால் நறுக்கியதுபோல வழவழப்பு, நடுவில் வெள்ளையாக வட்டத் தண்டு. அது கிணற்றுச் சுவரை ஒட்டி ஒரு சுற்றுப் போய், குளிருக்குப் புரண்டு படுப்பதுபோலப் புரண்டு, ஆழத்துக்குள் இறங்கிவிட்டது.

துண்டைப் பார்த்து ஊரில் யாரும் பெரிதாகத் திகைக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கடல் மீன் என்றாலே துண்டுதான். மூன்று பக்கம் மலை வைத்துக்கொண்டு, நான்காவது பக்கம் ஆண்டிபட்டிக் கணவாயை வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு, கடல் என்பது ராமேஸ்வரத்தில் அஸ்தி கரைக்கக் குனியும்போது முகத்தில் அடிக்கிற உப்புத் தண்ணீர். மற்றபடி அது தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்கு அடியில் லாரியில் வருவது. முழு மீனாக அதை நாம் பார்த்ததில்லை, பார்த்தாலும் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் கடல் மீனைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுகிற ஜனத்தைக் கடற்கரையில்கூடக் காண முடியாது. முள் இல்லாத துண்டு எல்லாம் வஞ்சிரம், முள் இருந்தால் அது வஞ்சிரத்தின் வால் பக்கம். காதுகுத்து விருந்தில் ஒருவர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு "இது தூத்துக்குடி வஞ்சிரம், கொச்சி வஞ்சிரம் இவ்வளவு ருசிக்காது" என்பார், பந்தியில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆகவே கடல் நம்மூர்க் கிணற்றுக்கு வருவதென்று முடிவு செய்தபோது, நமக்குத் தெரிந்த வடிவத்தில் வந்ததை ஊர் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டது. முழு மீன் வந்திருந்தால்தான் பயந்திருப்போம்.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. மூன்று நாள் மொக்கைச்சாமி முறை, மூன்று நாள் நாகராஜ் முறை. நாகராஜ் சித்தப்பா மகன். இருவருக்கும் இடையில் மோட்டார் ஓடிய நேரத்தைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கடல் வந்த முதல் வாரமே மொக்கைச்சாமி, கொடி கொஞ்சம் உப்புத் தாங்கும் என்று நம்பி ஒரு பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். இரண்டே நாளில் பன்னீர் திராட்சைக் கொடியின் இலைகள் விளிம்பில் கருகிச் சுருண்டன. அவருக்கு இருந்தது அந்த ஒன்றரை ஏக்கர் பந்தல்தான், அதற்கு இருந்தது அந்தக் கிணறுதான். தை மாதம் கவாத்து செய்ய வேண்டும், கவாத்து செய்த கொடிக்குத் தண்ணீர் வேண்டும். கிணற்றை மண்ணைப் போட்டு மூடிவிட்டு, தள்ளிப்போய் ஒரு போர் போடுவது ஒன்றே வழி என்று அவர் முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டார். பங்குக் கிணற்றைப் பங்காளி சம்மதிக்காமல் மூட முடியாது. நாகராஜ் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் அவர் தம் முறையில் வலை கட்டித் துண்டு பிடிக்க ஆரம்பித்திருந்தார்.

"முறை என்னுதுண்ணே. என் முறையில தண்ணி வந்தா என் தண்ணி, துண்டு வந்தா என் துண்டு" என்றார் நாகராஜ்.

"ஏலே, நம்ம அப்பன்மாரு தண்ணிக்குத்தான் பங்கு பிரிச்சாக. கடலுக்குப் பிரிக்கல" என்றார் மொக்கைச்சாமி.

"அப்ப ஒங்க முறையில வர்ற கடல நீங்க குடிச்சுக்கங்க."

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் தண்ணீர் கூடுதலாக ஏறும், துண்டுகளும் கூடுதலாக வரும். அந்த நாட்கள் பெரும்பாலும் நாகராஜ் முறையில் விழுந்தன. மொக்கைச்சாமி தம் முறை நாட்களில் வலை போடவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீரைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். இதை ஒரு கொள்கை என்று சொல்லிவிட முடியாது. அவருடைய மனைவி சந்தனம்மாள் வாளியைக் கட்டி இறக்கி இரண்டு துண்டு எடுத்து, ஒன்றைக் குழம்பு வைத்து, இன்னொன்றைத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் விஜி பொங்கலுக்கு வருவாள் என்று ஃபிரீசரில் வைத்தார். குழம்பை மொக்கைச்சாமி இரண்டு முறை ஊற்றிக்கொண்டார்.

நாகராஜ் பிடித்த துண்டுகள் தேனி கடைவீதியில் ஸ்டான்லியின் கடைக்குப் போயின. ஸ்டான்லியுடையது இரண்டு தலைமுறையாக மீன் வியாபாரம் செய்கிற குடும்பம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து மக்கள் நேராக வந்து நிற்கும் கடை. முதல் நாள் அவர் கிணற்றுத் துண்டுகளை வந்த கையோடு பலகையில் வைத்தார். ஒருவரும் வாங்கவில்லை. வந்தவர்கள் குனிந்து முகர்ந்தார்கள், நிமிர்ந்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள். "என்ன ஸ்டான்லி, வாடையே இல்ல? எத்தன நாளு மீனு?" என்று ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் கேட்டார். அன்று காலையில்தான் நீந்திக்கொண்டிருந்தது என்று சொன்னால் பொய்யாகத் தெரியும். ஸ்டான்லி துண்டுகளை எடுத்து ஐஸில் புதைத்து இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் மூக்கில் ஏறுகிற ஒரு காரவாடை வந்தது. தாசில்தார் வந்து முகர்ந்து, "இது வஞ்சிரம்" என்று சொல்லி எல்லாவற்றையும் வாங்கிப்போனார். அதற்குப் பிறகு கிணற்றிலிருந்து வருவதை எல்லாம் ஸ்டான்லி இரண்டு நாள் ஊறப்போட்டுத்தான் விற்றார்.

செப்டம்பர் கடைசியில் சுபாஸ்ரீ அந்தக் கடைக்கு வந்தார். அல்லிநகரத்துப் பெண், கடற்கரை ஊர் ஒன்றில் மீன்களை மரபணு வைத்து அடையாளம் காணும் ஆய்வகத்தில் வேலை. கடலுக்குள் படகில் போனால் வாந்தி எடுப்பார் என்பதால்தான் ஆய்வகத்துக்குள் போனார் என்று அவருடைய அம்மாவே உறவினர்களிடம் சொல்லியிருக்கிறார். பிடிக்கக் கூடாத மீன்களைத் தலையை வெட்டி, துண்டு போட்டு, வேறு பெயரில் உள்நாட்டுக்கு அனுப்புகிறார்களா என்று கண்டுபிடிக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கடற்கரையில் முழு மீனைப் பார்த்துப் பெயர் சொல்ல ஆள் உண்டு. துண்டுக்குச் சாட்சி அதன் சதை மட்டுமே. எந்த ஊரில் மீனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வாங்குகிறார்களோ அந்த ஊரிலிருந்து ஆரம்பிப்பது என்று ஆய்வகம் தீர்மானித்தது, சுபாஸ்ரீக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது.

"ஒரு அரிசி அளவு போதும்ணே" என்று அவர் சாராயம் நிரப்பிய சின்னக் குப்பிகளை எடுத்தார்.

"அரிசி அளவு கறிய வச்சு ஜாதகமே சொல்லிருவீகளோ?" என்றார் ஸ்டான்லி.

"ஜாதகமெல்லாம் இல்ல. பேரு மட்டும்."

"பேருக்கு எதுக்கு மேடம் குப்பி? எல்லாம் வஞ்சிரந்தான்."

இப்படித் தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் கடை கடையாக எடுத்த அரிசிகளை அவர் கொண்டுபோய்ச் சோதித்தார். சதையிலிருந்து மரபணுவைப் பிரித்து, அதில் எல்லா மீனுக்கும் பொதுவான ஒரு சிறு பகுதியைப் படித்து, ஏற்கெனவே படித்து வைத்த ஆயிரக்கணக்கான மீன்களோடு ஒப்பிட்டால் பெயர் வந்துவிடும். வந்தது. வஞ்சிரம் என்று விற்ற துண்டுகளில் வஞ்சிரமாக இருந்தவை இரண்டு. மீதியில் பெரும்பாலானவை ஆந்திராவில் குளத்தில் வளர்க்கிற பங்கா, சில சூரை, சில சுறாக்குட்டி. கடலையே பார்க்காத பங்காவைத்தான் பள்ளத்தாக்கு இத்தனை காலம் கண்ணை மூடி ருசித்துத் தூத்துக்குடி என்றும் கொச்சி என்றும் வகை பிரித்திருந்தது. செய்தி பரவியபோது யாரும் கடைக்காரர்களைக் கோபிக்கவில்லை. விஞ்ஞானத்தின் மேல்தான் சந்தேகம் எழுந்தது. "மிஷினுக்கு வஞ்சிரத்த முன்னப்பின்ன தின்னு பழக்கம் இருக்கா?" என்று தாசில்தார் கேட்டது இன்றும் கடைவீதியில் சரியான கேள்வியாகவே மதிக்கப்படுகிறது. சுபாஸ்ரீயின் நிச்சயதார்த்த விருந்தில் போட்டதும் பங்காதான் என்று குப்பி ஒன்று காட்டிக்கொடுத்துவிட்டதால் அவருடைய அம்மா சில நாள் மகளோடு பேசவில்லை.

ஸ்டான்லி கடைக் குப்பி ஒன்று மட்டும் வேறு பெயர் சொன்னது. வேளா. சுபாஸ்ரீ அதைத் திரும்பவும் சோதித்தார், தம் கைதான் அசுத்தமாக இருக்கும் என்று நினைத்துக் கையுறையை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை சோதித்தார். வேளாதான். மூக்கு இருபக்கமும் பல் வைத்த ரம்பமாக நீண்டு, பார்வைக்குச் சுறாவாகவும் வகையில் திருக்கைக்கு உறவாகவும் இருக்கிற மீன். ஒரு காலத்தில் வலைகளைக் கிழிக்கிற தொல்லையாக இருந்தது, இப்போது கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கடற்கரைக்காரர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அருகிவிட்டது. வலையில் தவறிச் சிக்கினாலும் திரும்பக் கடலில் விட வேண்டும். விற்றால் வழக்கு.

இந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டபோது ஸ்டான்லி தூத்துக்குடி என்றார். பிறகு கொச்சி என்றார். பிறகு நாகப்பட்டினம் என்று சொல்லிவிட்டு, அங்கே தமக்கு யாரையும் தெரியாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். பொய் சொல்வதில் அவருக்கு வெட்கம் இல்லை. உண்மையைச் சொல்வதில்தான் வெட்கம். கடல் மீன் கம்பத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்?

"சொன்னாச் சிரிப்பீக மேடம்."

"சொல்லுங்கண்ணே."

"காமயகவுண்டன்பட்டிக் கெணறு."

சுபாஸ்ரீ சிரிக்கவில்லை. பிடிபட்ட இடம் என்ற கட்டத்தில் காமயகவுண்டன்பட்டி என்று எழுதிக்கொண்டு, கம்பம் போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறினார்.

கிணற்றைப் பார்த்ததும் அவர் முதலில் உப்பளவை எடுத்தார், பிறகு ஏற்றத்தையும் வற்றத்தையும் குறித்தார், பிறகுதான் படியில் உட்கார்ந்தார். துண்டுகள் அவர் காலருகே வந்து போயின. ஒவ்வொன்றிலும் ஓர் அரிசி கிள்ளினார். அவை வலித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, கிள்ளுவதற்கு வசதியாக ஒருக்களித்துக்கூட நின்றன. அன்றைக்கு நாகராஜ் முறை. அவர் மேட்டில் நின்று, தம் துண்டுகளிலிருந்து குறைகிற அரிசிகளைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பெயர் மட்டும் போதாது என்று சுபாஸ்ரீ இன்னும் நுணுக்கமான சோதனை ஒன்றைச் செய்தார். கொலை வழக்குகளில் ஆளைக் கண்டுபிடிக்கச் செய்வார்களே, அந்த மாதிரி. முடிவு வர நவம்பர் ஆகிவிட்டது. தபாலில் அனுப்பாமல் அவரே வந்து சொன்னார். கிணற்று மேட்டில் மொக்கைச்சாமியும் நாகராஜும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள், சந்தனம்மாள் காப்பி கொண்டுவந்தார்.

"எல்லாத் துண்டும் ஒரே மீன்ங்கய்யா" என்றார் சுபாஸ்ரீ.

"ஒரே வகையா, ஆத்தா?" என்றார் மொக்கைச்சாமி.

"ஒரே வகை மட்டும் இல்ல. ஒரே ஆளு. இது அத்தனையும் ஒரே ஒரு வேளாவோட ஒடம்பு. பொட்ட மீனு."

மொக்கைச்சாமி காப்பியைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க தின்னது?"

"அதோட நடுவுல."

"உசுரோடயா இருக்கு?" என்றார் நாகராஜ்.

"நீந்துதுல்ல?"

இனிமேல் துண்டு பிடிக்கவோ விற்கவோ கூடாது, கிணற்றை இறைக்கவோ மூடவோ கூடாது, சட்டப்படி இது இப்போது ஒரு வேளா வாழ்கிற இடம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இது மாதிரி ஒன்று இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இதைக் காப்பாற்றவாவது செய்யலாம், யாரும் பெயர் தெரியாமல் தின்றுகொண்டிருந்தால் தின்று முடிப்பதும் தெரியாது என்றார். "அப்ப என் கொடிக்குத் தண்ணி?" என்று மொக்கைச்சாமி கேட்டதற்கு, மனு கொடுக்கலாம் என்றார். பேருந்து வந்ததும் போய்விட்டார்.

அந்த வாரம் ஓர் அதிசயம் நடந்தது. பங்காளிகள் இருவரும் ஒத்துப்போனார்கள். துண்டு விற்ற நாகராஜுக்கு வழக்குப் பயம் வந்து, அதுவரை மறுத்ததை இப்போது அவரே கேட்டுக்கொண்டு வந்தார். "மூடிருவம்ணே. மண்ணள்ளிப் போட்டா எவன் வந்து தோண்டிப் பாக்கப் போறான்? நீங்களும் போர் போடணும்ட்டுதான சொன்னீக?" மொக்கைச்சாமிக்கு வேண்டியதும் அதுதான். கொடிகள் ஏற்கெனவே வாடத் தொடங்கியிருந்தன. மூடுவதற்கு முந்தின நாள் இரு வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு எரிந்தது, சந்தனம்மாள் நாகராஜ் வீட்டுக்குப் பணியாரம் கொடுத்தனுப்பினார். பங்காளிகளைச் சேர்த்துவைக்க ஒரு கடலும் ஒரு குற்றமும் தேவைப்பட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

மார்கழி முதல் வாரம், வெள்ளிக்கிழமை காலை, பொன்னுராஜின் ஜேசிபி வந்தது. மேட்டு மண் தயாராகக் குவிந்திருந்தது. முதல் மண்ணைக் கொட்டுவதற்கு முன் மொக்கைச்சாமி கிணற்றுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பார்த்திருக்கத் தேவையில்லை. ஊரில் பலருடைய அபிப்பிராயமும் அதுதான், பார்க்காமல் மூடியிருந்தால் இன்றைக்குத் திராட்சை இருந்திருக்கும்.

சுபாஸ்ரீ வந்துபோன நாளிலிருந்து வலை இறங்கவில்லை. பிடிப்பார் இல்லாததால் துண்டுகள் தம் போக்கில் ஒழுங்காகியிருந்தன. கிணற்றுக்குக் குறுக்கே, தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலை வரை, சிறியதில் தொடங்கி நடுவில் பெருத்து மறுபடி சிறுத்து, வரிசையாக நின்றன. இட்லிப் பானையில் தட்டு அடுக்குவதுபோல ஒன்றோடு ஒன்று நெருங்கி நின்றன, பாதிக்கு மேல் ஒட்டியும் போயிருந்தன. ஒட்டிய இடத்தில் கோடுகூடத் தெரியவில்லை. வடக்கே ஆழத்திலிருந்து வால் வந்து சேர்ந்திருந்தது. தெற்கே தலை வந்திருந்தது, அதன் முன்னால் பல் வைத்த நீண்ட ரம்பம் கீழ்ப்படியில் உரசிக்கொண்டிருந்தது. வரிசையின் நடுவில் பெரிய வெற்றிடம் இருந்தது. அதைத் தவிர, தலைக்குச் சற்றுப் பின்னால், சரியாக இரண்டு விரல் கனத்துக்கு ஒரு சின்ன இடமும் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு இருபுறமும் இருந்த துண்டுகள் ஒட்டாமல், அதே அளவு விலகி, காத்துக்கொண்டிருந்தன. பந்தியில் கை கழுவப் போனவருக்கு இலையை விட்டுவைப்பதுபோல.

சந்தனம்மாளும் எட்டிப் பார்த்தார். "அங்கன ஒண்ணு கொறையுதுங்க."

"தெரியுது."

"அது நம்ம ஃபிரிட்ஜில இருக்கு."

"தெரியுதுங்கிறேன்ல."

"அது விஜிக்கு வச்சது" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார். திரும்பி வரும் வரை ஜேசிபி இரைந்துகொண்டே நின்றது. நாகராஜ், "மதினி வர்றதுக்குள்ள ரெண்டு பக்கெட் போட்றலாம்ணே" என்றார். சந்தனம்மாள் பாலித்தீன் பையிலிருந்து எடுத்த துண்டு கல்லாக உறைந்திருந்தது, ஓரத்தில் பச்சைப் பட்டாணி இரண்டு ஒட்டியிருந்தன. அவர் படியில் இறங்கி அதைத் தண்ணீரில் விட்டார். கொஞ்ச நேரம் மிதந்தது, பட்டாணி கழன்றது, ஒருக்களித்தது, நீந்திப்போய்த் தன் இடத்தில் நின்றது. இருபுறத்துத் துண்டுகளும் நெருங்கின. ரம்பம் ஒரு முறை இடமும் வலமும் அசைந்தது. அதுவரை அது அசைந்ததில்லை.

"அண்ணே, மூடணுமா வேணாமா? டீசல் ஓடுது" என்றார் பொன்னுராஜ்.

மொக்கைச்சாமி வாடிய பந்தலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். "தின்னது நானு" என்றார். யாரும் ஒன்றும் கேட்காதபோதே மறுபடி சொன்னார், "ரெண்டு தடவ ஊத்தித் தின்னேன். அது மேலயே மண்ணையும் போடச் சொல்றியா? போய்ட்டு வாப்பா."

"அண்ணே, கேஸ் என் மேலதான வரும்" என்றார் நாகராஜ்.

"வந்தா நானும் வாரேன்லே. கொழம்பு தின்ன சாட்சியா."

நாகராஜ் போய் ஜேசிபியை அணைக்கச் சொன்னார்.

தையில் கவாத்து நடக்கவில்லை. கொடிகள் பந்தலிலேயே காய்ந்தன. அதே மாதம் சுபாஸ்ரீ, மீதித் துண்டுகளில் எதுவாவது எங்காவது ஃபிரீசரில் இருக்கக்கூடும் என்று தேனியில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார். ஸ்டான்லி கடையில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வஞ்சிரம் வாங்கியவர்கள் மிச்சம் இருந்தால் ஒப்படைக்கவும், யார் மீதும் நடவடிக்கை கிடையாது, மரபணு சோதித்துச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கப்படும். இரண்டே நாளில் ஸ்டான்லி கடை வாசலில் வரிசை நின்றது. ஸ்டான்லி கடையில் ஒரு நாளும் வாங்காதவர்களும் வந்தார்கள். ஊருக்கு இவ்வளவு மனசாட்சி உண்டா என்று சுபாஸ்ரீ கண் கலங்கியதாகச் சொல்கிறார்கள். விசாரித்தபோது, தம் வீட்டு வஞ்சிரம் உண்மையான வஞ்சிரமா என்று ஓசியில் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை விடக் கூடாது என்பதே பெரும்பாலோர் எண்ணமாக இருந்தது. மஞ்சள் தடவியது, மிளகாய்த்தூள் பிசறியது, பாதி பொரித்தது, ஒரு சட்டியில் குழம்போடு வந்தது. தாசில்தார் மூன்று பொட்டலம் கொண்டுவந்து, மூன்றும் வேளாதான், தமக்கு அப்போதே தெரியும் என்றார். மூன்றும் பங்கா.

அத்தனை பொட்டலத்திலும் வேளா என்று தெரிந்தவை நான்கு. ஜாஸ்பர் என்ற அச்சகக்காரர் வீட்டிலிருந்து வந்த ஒன்று மிளகாய்த்தூள் ஊறியிருந்தது. கழுவியும் நிறம் போகவில்லை. கிணற்றில் விட்டபோது நான்கும் தம் இடம் தேடிப்போய் ஒட்டின. இடுப்பருகே வேளாவுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை இருப்பது அதனால்தான். அது வகையின் அடையாளம் அல்ல என்று சுபாஸ்ரீ தம் கட்டுரையில் தனியாகக் குறிப்பிட வேண்டியிருந்தது.

மீதி வரவில்லை. வராது. அது பள்ளத்தாக்கெங்கும் விருந்துகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தீர்ந்துவிட்டது. சில மாதம் துண்டுகள் காத்திருந்தன, பிறகு வேளா காத்திருப்பதை விட்டுவிட்டு நீந்த ஆரம்பித்தது. முன்பாதி தலையும் ரம்பமுமாக முன்னால் போகிறது, பின்பாதி வாலோடு பின்னால் போகிறது, நடுவில் தண்ணீர் மட்டும். மூலையில் திரும்பும்போது முன்பாதி கொஞ்சம் தாமதித்து, பின்பாதி வந்ததும் மேலே போகிறது. இரண்டும் ஒரே வேகம். இரை எடுக்கிறது, தேறியிருக்கிறது. ரம்பம் உரசிய கோடுகள் கீழ்ப்படிகளில் விழுந்திருக்கின்றன. கிணற்றைச் சுற்றி வேலி போட்டு, கல் எறியக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். முறை மாறவில்லை. மூன்று நாள் மொக்கைச்சாமி காவல் இருக்கிறார், மூன்று நாள் நாகராஜ். நாகராஜ் தம் பக்கம் போர் போட்டு நல்ல தண்ணீர் கண்டார், அதிலும் பங்காளிக்கு முறை உண்டு என்று மொக்கைச்சாமி வாதாடி வாங்கியிருக்கிறார். காய்ந்த பந்தலைப் பிரித்துத் தென்னை வைத்தார். தென்னைக்குக் கொஞ்சம் உப்பு ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேனியிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு அந்த நடு இடைவெளியைப் பார்க்கிறார்கள், தம் வீட்டுத் துண்டு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கைகாட்டுகிறார்கள். வயிற்றுப் பக்கம்தான் ருசி என்பதால் எல்லோருடைய கையும் வயிற்றுப் பக்கமே நீள்கிறது. ஸ்டான்லி கடையில் இப்போது பங்கா என்று எழுதிப் பங்காவை விற்கிறார், வாங்குகிறவர்கள் வஞ்சிரம் என்று கேட்டு வாங்குகிறார்கள். சென்ற ஆண்டு வெளியான கட்டுரையில் சுபாஸ்ரீ வேளாவின் நீளத்தை இரண்டு விதமாகக் கொடுத்திருக்கிறார். இடைவெளியோடு பதினோரு அடி, இடைவெளி இல்லாமல் ஒன்பதே கால்.